மூன்றாம் மாடி, இடது பக்கம்

லிஃப்ட் இல்லாத வீடுகளை
ஸ்கேனர் அறியாது.
பதினெட்டு கிலோ பூனைமண்ணைத்
தோளில் ஏற்றிப் போகையில்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
மூச்சு வாங்க நின்றேன்.
குனிந்தது களைப்பினால்தான்,
அறிவு தேடி அல்ல.

ஏழாம் படியில் ஒரு முறுக்கு.

யாரோ பிழிந்து, எடுக்க மறந்து,
மேலே கல் உறைந்துவிட்டதுபோல்
சுற்றுக்குள் சுற்று,
சுற்றுகளின் ஊடே தடுப்புகள்,
தடுப்புக்குத் தடுப்பு தேன்நிறத்தில் ஓர் அறை.
நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
கறையென்றால் வந்திருக்கும்.

கதவு திறந்தது.
கையெழுத்துப் போட வந்த ஸ்வெஞ்யா
முழந்தாளிட்டிருந்த என்னைக் கண்டு
“விழுந்துவிட்டீர்களா?” என்றாள்.
“இல்லை. இது என்ன?”
பதினோரு வருடமாய் இங்கே குடியிருக்கிறாளாம்.
பதினோரு வருடமும் மிதித்திருக்கிறாளாம்.
வெட்கப்பட்டதுபோல் உள்ளே ஓடி
ஈரத்துணியோடு வந்தாள்.

துடைக்கத் துடைக்கப் படி விழித்துக்கொண்டது:
இங்கொரு சிப்பி,
அங்கே பென்சில் முனைபோல் ஏதோ,
கடற்பஞ்சின் சாம்பல் ஓட்டைகள்.
கல்லுக்குள் ஈரம் என்போம்.
ஃபியூர்த் நகரத்து வாடகை வீட்டில்
கல்லுக்குள் கடலே இருந்தது.
அம்மோனைட் என்றது அவள் கைபேசி.
பதினைந்து கோடி ஆண்டுகள் என்றும் சொன்னது.
கோடியை நான் லாட்டரியில் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ஸ்கேனர் மூன்று முறை கத்தியது.
தாமதத்துக்குக் காரணம் கேட்கும் அதன் பட்டியலில்
‘ஆள் இல்லை’ உண்டு,
‘முகவரி தவறு’ உண்டு,
‘நாய்’ உண்டு.
கடல் இல்லை.
நாயை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு நான் நேராக நடந்ததில்லை.
மருந்துக்கடை வாசற்படியில் இரண்டு.
வங்கியில், வரிசை நிற்கும் இடத்தில், உடைந்த ஒன்று;
எனக்குப் பின்னால் நின்றவரை
முன்னே போகச் சொல்லிவிட்டேன்.
வரி அலுவலகத்தில்
ஆண்கள் கழிப்பறை வாசலுக்கு நேரே
உள்ளங்கை அகலத்தில், முழுசாய், ஓர் அழகு.
அங்கே நின்று பார்க்க
இன்னும் ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

மழை பெய்த வியாழன் மாலை
அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம்.
சிறகு நனையாத தேவதூதன் ஒருவன்
புத்தகம் வாசிக்கும் பெண்ணிடம் சேதி சொல்கிறான்.
நான் தரையைப் பார்த்தேன்.
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கள்.
உண்மையைச் சொன்னால்
தேவதூதனைவிடத் தரைதான் நன்றாக வந்திருந்தது.
முறுக்கு ஒன்றும் இல்லை.
ஆனால் ஒரு வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தில்
வளைந்த மெல்லிய கோடு.
தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிரிழை!
வண்ணம் காயுமுன் விழுந்து
நானூறு வருடமாய் எழுந்திருக்காமல்.
அணிலா, பன்றியா,
எதன் முதுகில் முளைத்ததோ,
எந்தக் காட்டில் மேய்ந்ததோ.
கையெழுத்தே போடாத ஓவியர்
இதை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்,
அதுவும் தெரியாமல்.

“கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்,” என்றார் காவலர்.
நின்றேன். கையை மட்டும் நீட்டிக் காட்டினேன்.
கண்ணாடியை மாற்றிக்கொண்டு
அவரே கோட்டைத் தாண்டினார்.
“வார்னிஷ் வெடிப்பு.”
“மயிர்.”
“வெடிப்பு, அம்மா.”
“வெடிப்பு இப்படி வளையுமா?”
மூடும் மணி அடிக்கும்வரை தீரவில்லை.
அடுத்த வியாழன் டார்ச் கொண்டுவருவதாகச் சொன்னவர்
அவர்தான்.

இன்று மறுபடி பூனைமண்.
ஸ்வெஞ்யா இல்லை. கதவில் மஞ்சள் தாள்:
‘தர்மினி, பொதியை எதிர்வீட்டில் கொடுக்கவும்.
ஜன்னல் கல்லில், பூந்தொட்டியை நகர்த்தினால்,
இன்னொன்று இருக்கிறது. பாதிதான் தெரிகிறது.
மீதி சுவருக்குள் போகிறது.’

தொட்டியை நகர்த்தினேன்.
போகத்தான் செய்கிறது.

எதிர்வீட்டு மணியை அழுத்திவிட்டுக்
காத்திருந்த நேரத்தில்
விரல் மடக்கிச் சுவரை இரண்டு முறை தட்டினேன்,
தொழில் பழக்கம்.